பத்மாவதி சீட்டு பார்க்கப் போனது

துடியலூரில் மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் அரங்கசாமியின் லேத் பட்டறை இருக்கிறது. இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின். பட்டறையை ஒட்டிப் பின்பக்கமே வீடு. மோட்டார் பம்புகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பது அவர் தொழில். அவர் மனைவி பத்மாவதிக்கு நாற்பத்தேழு வயது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனவள். காலையில் குளித்து, விளக்கேற்றி, முருகனிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பாள். மத்தியானத்துக்கு மேல் பட்டறையில் உட்கார்ந்து ஷாஃப்ட் நுனிகளில் பிசிறு எடுப்பாள். இன்னது குறை என்று அவள் யாரிடமும் சொல்லி யாரும் கேட்டதில்லை. போன வருஷம் மே மாதம்தான் கொஞ்சம் ஆட்டம் கண்டுவிட்டாள்.

அவர்களுடைய ஒரே மகள் சண்முகப்பிரியா அப்போதுதான் எம்.எஸ்ஸி. இயற்பியல் முடித்திருந்தாள். மேலே ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்க வேண்டும் என்று மூன்று இடங்களுக்கு எழுதிப் போட்டிருந்தாள். பெங்களூரில் ஒன்று, புனேயில் ஒன்று. அந்த இரண்டு இடங்களின் படத்தையும் பிளஸ் டூ படிக்கும்போதே பீரோக் கதவின் உட்பக்கம் ஒட்டி வைத்திருந்தாள். மூன்றாவது, தெற்கே பஸ்ஸில் நாலரை மணி நேரம் போனால் வருகிற ஒரு பல்கலைக்கழகம். பெயர் எதற்கு, நல்ல மனிதர்கள் இருக்கிற இடம். மற்ற இரண்டும் தட்டிப்போனால் இது இருக்கட்டும் என்று எழுதிப் போட்டது.

மற்ற இரண்டும் தட்டித்தான் போனது. இரண்டுக்கும் நேர்முகத் தேர்வு வரைக்கும் போய் வந்தாள். புனேயிலிருந்து இல்லை என்று மெயில் வந்த பிறகு மூன்று வாரம் அந்தப் பெண் சரியாகச் சாப்பிடவில்லை. தட்டில் ரசம் சோற்றை அளைந்துகொண்டே உட்கார்ந்திருப்பாள். அழுதிருந்தால்கூடப் பத்மாவதி தாங்கியிருப்பாள். அவள் அழவும் இல்லை. கேட்டதற்கெல்லாம் மரியாதையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் மூன்றாவது இடத்திலிருந்து சீட்டு வந்தது. வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ அந்த வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் எழுத வேண்டும். காலையில் பல் விளக்கும்போது போகிறேன் என்பாள் சண்முகப்பிரியா. மத்தியானம், இன்னொரு வருஷம் இருந்து பெங்களூருக்கும் புனேக்கும் மறுபடி எழுதுகிறேன் என்பாள். அப்பனைக் கேட்டால் உன் இஷ்டம் சாமி என்று லேத்தைப் போட்டுவிடுவார்.

பத்மாவதிக்கு மட்டும் மனதில் குழப்பமே இல்லை. கிடைத்ததற்குப் போகட்டும். இந்தப் பெண் இன்னொரு வருஷம் காத்திருந்து, இன்னொரு தடவை இல்லை என்று வந்தால் அந்தத் தட்டுக்கு முன்னால் தன்னால் உட்கார முடியாது. அதோடு சூலூரிலிருந்து பத்மாவதியின் அண்ணன் லட்சுமணசாமி ஒரு மாப்பிள்ளை சாதகத்தோடு வாரா வாரம் போன் செய்துகொண்டிருந்தார். பிள்ளை படிக்கப் போகிறாள் என்றால் அண்ணன் பேசாமல் இருப்பார். வீட்டில் இருக்கிறாள் என்றால் எதைச் சொல்லித் தள்ளிப்போடுவது? முருகனிடமும் அதைத்தான் கேட்டாள். கிட்டத்துச் சீட்டே அமையட்டும் சாமி.

திங்கட்கிழமை ஷாஃப்ட் துடைத்துக்கொண்டிருக்கும்போது அவளுக்கு அந்த யோசனை வந்தது.

"ஏனுங்க, ஒரு சம்பந்தம் வந்துச்சுன்னா நாம என்ன பண்ணுவோம்?"

"உங்கண்ணன் மறுக்காப் போன் பண்ணுனாரா?"

"அதில்லீங்க. சொல்லுங்க."

"ஊடு பாக்கப் போவோம்."

"இதுக்கும் போனா என்னங்க?"

சாதகம் பொருந்தியிருந்தாலும் இந்தப் பக்கம் உடனே சரி என்று சொல்லிவிட மாட்டார்கள். பெண் வீட்டிலிருந்து இரண்டு பேர், சொல்லாமல் கொள்ளாமல், பழைய சேலை வேட்டியிலேயே மாப்பிள்ளை ஊருக்குப் போவார்கள். கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, மாட்டுக்கட்டுத்தரை கூட்டியிருக்கிறதா என்று ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். டீக்கடையில் பேச்சுக் கொடுப்பார்கள். பேசி முடிகிற வரைக்கும் அங்கே கை நனைக்க மாட்டார்கள். ஒரு வாய் காபி குடித்தாலும் சம்மதித்ததாகிவிடும். பத்மாவதியின் அக்கா மகளுக்கு அப்படித்தான் பார்த்தார்கள். இதைப் பல்கலைக்கழகத்துக்குச் செய்யலாம் என்று அதுவரை யாருக்கும் தோன்றியதில்லை.

அங்கே போய் என்னத்தைப் பார்ப்பது, நாமென்ன படித்தவர்களா என்றார் அரங்கசாமி.

"படிப்பைப் பாக்கறதுக்கு அவ இருக்கறா. நாம ஊட்டைப் பாத்துப்போட்டு வருவோம்."

மகளிடம் தாராபுரத்தில் ஒரு புதுமனை புகுவிழா என்று சொல்லிவிட்டுப் புதன்கிழமை விடிவதற்குள் பஸ் ஏறினார்கள்.

கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் பத்மாவதி ஒன்றும் குடிக்காமல் கால் மணி நேரம் நின்றாள். பெண் பிள்ளைகள் ராத்திரி எத்தனை மணி வரைக்கும் நடந்து போவார்கள் என்று கேட்டாள். எட்டு, ஒன்பது மணிக்குக்கூடப் போவார்கள், இங்கே ஒரு தொந்தரவும் கிடையாது என்றார் கடைக்காரர். பெண்கள் விடுதி வாசலில் நின்று கொடியில் காய்ந்த துணிகளைப் பார்த்தாள். வெள்ளைத் துணி வெள்ளையாகவே இருந்தது. தண்ணீர் நல்ல தண்ணீர்தான். மரங்களும் நிறைய. அவளுக்கு மனது குளிர்ந்துவிட்டது.

இதற்கிடையில் அரங்கசாமியைக் காணவில்லை. திரும்பி வந்தபோது மீசையில் தயிர் ஒட்டியிருந்தது.

"ஏனுங்க, சாப்பிட்டீங்களா?"

"கேண்டீன்ல தயிர்சோறு. நல்லாத்தான் இருந்துச்சு."

"கை நனைச்சுப்போட்டீங்களே."

"காசு குடுத்துத் தின்னது அதுல சேராது, வா."

துறை அலுவலகத்தில் சுப்பண்ணன் என்று ஒரு உதவியாளர் இருந்தார். அடுத்த வருஷம் ஓய்வு பெறப்போகிறவர். சொந்தத்தில் ஒரு பெண்ணைச் சேர்க்கலாமா என்று பார்க்க வந்தோம் என்று அரங்கசாமி பாதி உண்மையைச் சொன்னார். சண்முகப்பிரியாவுக்கு வழிகாட்டியாக இருக்கப்போகிற பேராசிரியர் பெயர் வெங்கடபதி. அவரைப் பற்றிக் கேட்டதும் சுப்பண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். சத்தம் போட்டுப் பேச மாட்டார், கையெழுத்துக்கு யாரையும் மறுநாள் வரச் சொல்ல மாட்டார், படித்து முடித்துப் போனவர்கள் கல்யாணப் பத்திரிகையை முதலில் இவருக்குத்தான் கொண்டுவந்து வைப்பார்கள் என்றார். காபி சொல்லட்டுமா என்றும் கேட்டார். பத்மாவதி கும்பிட்டு வேண்டாம் என்றாள். அப்புறம் ஆய்வுக்கூடத்தைத் தூரத்திலிருந்து பார்க்கலாமா என்று கேட்டாள். தூரத்திலிருந்து எதற்கு, உள்ளேயே போய்ப் பாருங்கள், சார் வெளியூர் போயிருக்கிறார், ஒரு பொண்ணு இருக்கும் என்றார் சுப்பண்ணன்.

அந்தப் பெண் ஆஃப்ரின், அங்கே ஆராய்ச்சி மாணவி. கோயமுத்தூர் கோட்டைமேட்டுப் பெண். இவர்கள் வாயைத் திறந்ததுமே ஊர் தெரிந்துவிட்டது. சொந்தக்காரர்களே வந்ததுபோல் ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

அறையில் ஐந்தாறு மெஷின்கள் இருந்தன. பத்மாவதிக்கு எது என்ன என்று தெரியாது. ஆனால் மூலையில் நீலத் துணி போர்த்திக்கொண்டு பீரோ உயரத்துக்கு நின்ற ஒன்றைப் பார்த்ததும் அதுதான் என்று தெரிந்துவிட்டது. சண்முகப்பிரியா அதன் படத்தைப் போனில் காட்டியிருக்கிறாள். ஒரு சிட்டிகைப் பொடியை உள்ளே வைத்தால் அதில் அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று சொல்லுமாம். அவள் செய்ய நினைத்திருக்கிற ஆராய்ச்சி முழுவதும் அதை வைத்துத்தான். மூன்றாவது இடமாக இந்தப் பல்கலைக்கழகத்தைப் பிடித்ததே அது இங்கே இருக்கிறது என்பதால்தான்.

ஆஃப்ரின் துணியை விலக்கிக் காட்டினாள். பெரிய கண்ணாடிக் கதவு. கதவுக்கு வெள்ளைக் கைப்பிடி. கைப்பிடியின் நடுவில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும்.

பத்மாவதி மற்ற மெஷின்களைத் திரும்பிப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த தடம் இருந்தது. எல்லாவற்றிலும் கைபட்டுத் தேய்ந்து, எங்கேயோ இடுக்கில் ஒரு மஞ்சள் கறை மட்டும் மிச்சம். இதில் மட்டும் வைத்தவர் விரல் ரேகைகூட அழியாமல் காய்ந்திருந்தது. ஆயுத பூஜை போய் ஏழெட்டு மாதம் ஆகிறது. அவர்கள் பட்டறையில் சுவிட்சிலும் பிடியிலும் வைக்கிற பொட்டு, விடுமுறை முடிந்து வேலை தொடங்கும் அன்று மத்தியானம்வரைகூட நிற்காது.

"இது ஓடறதில்லையா கண்ணு?"

ஆஃப்ரின் துணியின் ஓரத்தை மடித்துவிட்டாள். "கொஞ்ச நாளா ரெஸ்ட்டுல இருக்குதுங்கம்மா."

"எத்தனை நாளா?"

"நான் சேந்து ரெண்டு வருஷமாச்சுங்க. இது ஓடி நான் பாத்ததில்லை." தன் ஆய்வுக்கூடத்தை விட்டுக்கொடுத்துப் பேசிவிட்டோமோ என்ற பயத்தில் உடனே சேர்த்துச் சொன்னாள். "சார் மேல தப்பில்லைங்கம்மா. அவரும் லெட்டர் மேல லெட்டர் போட்டுட்டுதான் இருக்காரு. நாங்க சாம்பிளை வெளியூருக்கு கூரியர்ல அனுப்பிருவோம். ரிசல்ட் வர ரெண்டு மாசம், மூணு மாசம் ஆகும். அவ்வளவுதான்."

அரங்கசாமி அதற்குள் மெஷினுக்குப் பின்பக்கம் போய்க் குனிந்திருந்தார். எதாவது கடைந்து கொடுக்கிற சாமான் என்றால் ஒரு நாளில் பண்ணித் தருகிறேனே என்றார். வெளிநாட்டிலிருந்து ஒரு எக்ஸ்ரே ட்யூப் வர வேண்டும் என்று ஆஃப்ரின் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள். அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார்.

திரும்பி வரும் பஸ் ஒட்டன்சத்திரத்தைத் தாண்டியது. அப்புறம் அரங்கசாமிதான் ஆரம்பித்தார். நம்ம பட்டறையில் மெஷின் நின்றதில்லையா, இன்றைக்கு நின்றது நாளைக்கு ஓடும், பிள்ளை போய்ச் சேருவதற்குள் ட்யூப்பே வந்துவிடும், நாம் போனதையே சொல்ல வேண்டாம் என்றார். அவர் அப்படிச் சொல்ல மாட்டாரா என்றுதான் பத்மாவதியும் காத்திருந்தாள். மற்றபடி அங்கே ஒரு குறையும் இல்லைதானே என்றாள். ஒரு குறையும் இல்லை என்றார் அவர்.

வியாழக்கிழமை காலை சண்முகப்பிரியா தலைக்குக் குளித்துவிட்டு வந்து அடுப்படியில் நின்றாள். முகம் தெளிந்திருந்தது.

"அம்மா, நான் போறேன். முடிவு பண்ணிட்டேன்."

மூன்று தோசை சாப்பிட்டாள். சாப்பிட்டுக்கொண்டே அந்த மெஷினைப் பற்றிச் சொன்னாள். பெரிய பேர் இல்லாத இடம் என்றால் என்ன, அது ஒன்று கையில் இருந்தால் போதும், யார் தயவும் இல்லாமல் நாலு வருஷத்தில் முடித்துவிடுவேன் என்றாள். பத்மாவதி கல்லில் இருந்த தோசையைத் திருப்ப மறந்துவிட்டாள்.

கேட்டது நடந்துவிட்டது. அன்று முழுவதும் அவள் அதைத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பெண் சிரிக்கிறாள், அண்ணன் வாயடைத்துப் போவார், நினைத்த சீட்டு. சாயங்காலம் விளக்கேற்றிக் கை கூப்பினால் வழக்கமான இரண்டு வார்த்தை வரவில்லை. கிட்டத்துச் சீட்டைக் கொடு என்று கேட்டேன், கொடுத்தாய். அதோடு நிறுத்தாமல் அந்தக் கதவையும் ஏன் சாமி எனக்குக் காட்டினாய்? மகளோ அப்பனோ அந்தப் பொட்டைப் பார்த்திருந்தால் சரி. பார்த்தது அவள். பார்த்ததை வாய்க்குள் வைத்துக்கொண்டு இந்த விளக்கின் முன்னால் எத்தனை நாள் நிற்பது?

திரியைக்கூடத் தூண்டாமல் எழுந்து மகள் இருக்கும் அறைக்குப் போனாள். சண்முகப்பிரியா லேப்டாப்பில் பதில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"கண்ணு, அதை அனுப்பிப்போட்டியா?"

"இன்னும் இல்லை. ஏன்?"

"நேத்து நாங்க தாராபுரம் போவலை சாமி."

எல்லாவற்றையும் சொன்னாள். பாதியிலேயே சண்முகப்பிரியாவின் முகம் சிவந்துவிட்டது.

"என்னைக் கேக்காமப் போனீங்களா? அங்க இருக்கறவங்க என்ன நெனைப்பாங்க? நான் என்ன கல்யாணமா பண்ணப் போறேன்?"

"தப்புதான். ஊடு பாக்கற மாதிரி பாத்துப்போட்டு வரலாம்னு போனோம். நீ கோவிச்சுக்க. ஆனா அந்த மெசினு ஓடறதில்லை கண்ணு. பூஜைக்கு வெச்ச பொட்டு அப்படியே இருக்குது."

பொட்டு என்றதும் சண்முகப்பிரியா நிமிர்ந்து பார்த்தாள். பட்டறைச் சத்தத்தில் வளர்ந்த பெண். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் சந்தனம் குழைத்துக் கொடுக்கிறவள் அவள்தான்.

"எந்த எடத்துல?"

"கதவுக் கைப்பிடியில."

சண்முகப்பிரியாவுக்கு அது போதும். லேப்டாப்பை மூடினாள். "சொல்லாம இருந்திருக்கலாமேம்மா, நீங்க ஆசைப்பட்டதுதானே?" என்றாள்.

"ஆசைப்பட்டேன். அதுக்குன்னு?" என்றாள் பத்மாவதி.

மறுநாள் காலை சண்முகப்பிரியா பேராசிரியருக்குப் போன் செய்தாள். அவர் மறைக்கவில்லை. மெஷின் நின்று இரண்டரை வருஷம் ஆகிறது, இணையதளத்தில் அதை மாற்றாமல் விட்டது தன்னுடைய தவறுதான் என்றார். வந்தால் சந்தோஷமாக எடுத்துக்கொள்வேன், ஆனால் சாம்பிளை அனுப்பிவிட்டுக் காத்திருக்கத்தான் வேண்டியிருக்கும், ட்யூப் எப்போது வரும் என்று சத்தியம் செய்ய முடியாது, சாயங்காலம் வரைக்கும் யோசித்துச் சொல் என்றார்.

அவள் யோசித்தாள். பட்டறைக்கும் வீட்டுக்குமாக நடந்தாள். மத்தியானம் மூன்று மணிக்கு, "நான் போகலை. ஒரு வருஷம் இருந்து மறுபடி எழுதறேன்" என்றாள். அவளுடைய பழைய கல்லூரியில் ஒரு மேடம் ஒரு வருஷ ஆராய்ச்சித் திட்டத்துக்கு உதவியாளர் தேடிக்கொண்டிருந்தார். அங்கே இதே மாதிரி சின்ன மெஷின் ஒன்று உண்டு, ஓடுகிறது. பெங்களூரிலும் புனேயிலும் அவளைக் கேட்ட கேள்விகளில் பாதி, நீ கையால் என்ன செய்திருக்கிறாய் என்பதுதான். அதற்குத்தான் அவளிடம் பதில் இல்லாமல் போனது. அதை அன்றுதான் முதல்முதலாக வீட்டில் வாய்விட்டுச் சொன்னாள்.

வரவில்லை என்று மெயில் அனுப்பிவிடுகிறேன் என்றவளைப் பத்மாவதி விடவில்லை.

"வேண்டாம்னு சொல்றதா இருந்தா வாயால சொல்லோணும். இன்னைக்கே சொல்லோணும். அவிக வேற எடம் பாக்கோணுமில்ல?"

பெண் போனில் சொல்லச் சொல்லப் பத்மாவதி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். காத்திருப்போர் பட்டியலில் அந்தியூர்ப் பையன் ஒருவன் இருக்கிறான், இன்றைக்கே அவனைக் கூப்பிடுகிறேன், அவன் வேலைக்கு அந்த மெஷின் தேவையில்லை என்றாராம் பேராசிரியர். மெஷின் நின்றதை யார் சொன்னது என்று கேட்டிருக்கிறார். எங்கம்மா வந்து பார்த்தாங்க சார் என்றாள். அப்படியானால் அடுத்த வருஷம் எங்களுக்கும் எழுதிப் போடம்மா, அதற்குள் சரிபண்ணப் பார்க்கிறேன் என்றாராம்.

அண்ணனுக்குப் போன் செய்கிற வேலை பத்மாவதியுடையது.

"கையில கெடைச்சதை வேண்டாம்னு உட்டுப்போட்டு ஊட்டுல உக்கார வெச்சிருக்கறியா அம்முணி? உனக்குப் புத்தி கித்தி இருக்குதா?" என்றார் லட்சுமணசாமி.

"இருக்குதுங்ண்ணா. எடம் சரியில்லைன்னா நீங்களே உட்டுப்போட்டு வந்திருப்பீங்க. அக்கா பொண்ணுக்கு வந்த மொத சம்பந்தத்துல, கெணத்துல தண்ணியில்லைன்னு பாக்கப் போனவிகளைத் திருப்பிக் கூட்டியாந்தது யாருங்க?"

அண்ணன் சாதகப் பேச்சை எடுக்காமலே போனை வைத்துவிட்டார். ஆனாலும் அந்த வருஷம் முழுவதும் விசேஷ வீடுகளில் யாராவது கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். பிள்ளை என்ன பண்ணுகிறாள்? ஒரு வருஷம் சும்மாவா? பத்மாவதிக்குச் சில நாள் சுருக்கென்றுதான் இருந்தது. அந்தக் கல்லூரி மேடத்திடம் வேலைக்குச் சேர்ந்த மகள் ஏழே முக்கால் பஸ்ஸுக்கு ஓடுவதைப் பார்த்தால் அது போய்விடும். சாயங்காலம் ஏதோ அமில வாசத்தோடு திரும்புவாள். இன்றைக்கு அந்தச் சின்ன மெஷின் மக்கர் பண்ணியது, நானே கழற்றி மாட்டினேன் என்பாள். எந்த ஸ்பேனர் என்று அரங்கசாமி கேட்பார். அப்பனும் மகளும் அரை மணி நேரம் அதைப் பேசுவார்கள். பத்மாவதிக்கு ஒரு வார்த்தை புரியாது. சட்டியில் குழம்பு மட்டும் குறைந்துகொண்டே போகும்.

இந்த வருஷம் மறுபடி மூன்று இடங்களுக்கும் எழுதிப் போட்டாள். பெங்களூரில் நேர்முகத் தேர்வுக்கே கூப்பிடவில்லை. அன்று மட்டும் சீக்கிரம் படுத்துக்கொண்டாள். மறுநாள் பஸ்ஸுக்கு ஓடினாள். புனேயில் கூப்பிட்டார்கள். வெங்கடபதி சாரும் கூப்பிட்டிருக்கிறார். ட்யூப் இன்னும் வரவில்லை, ஆனால் பணம் ஒதுக்கிவிட்டார்கள் என்று அவரே போனில் சொன்னார்.

புனேக்குச் சண்முகப்பிரியா இரண்டு நாள் முன்னதாகவே கிளம்பிப் போனாள். தேர்வுக்கு முன்னால் இடத்தைப் பார்க்க வேண்டுமாம். யாரும் சொல்லித் தரவில்லை. அங்கே படிக்கிற மூன்று பேரைத் தேடிப் பிடித்துப் பேசியிருக்கிறாள். அவள் முதலில் நினைத்திருந்த பேராசிரியர் வருஷத்தில் பாதி நாள் வெளிநாட்டில்தான் இருப்பாராம். பக்கத்து ஆய்வுக்கூடத்தில் ஒரு மேடம், இளவயது, மாணவர்களோடு தரையில் உட்கார்ந்து மெஷினைப் பிரிப்பாராம். தேர்வில் யாரோடு வேலை செய்ய ஆசை என்று கேட்டபோது அந்த மேடத்தின் பெயரைச் சொல்லியிருக்கிறாள்.

இதையெல்லாம் நேற்று மத்தியானம் ரயிலிலிருந்து இறங்கி வந்து, பையைத் தோளிலிருந்து கழற்றாமலே சொன்னாள். அரங்கசாமி லேத்தை நிறுத்திவிட்டு வந்து கேட்டார். கிடைக்குமா என்று இரண்டு பேருமே கேட்கவில்லை. முடிவு வர இன்னும் பத்து நாள் இருக்கிறது.

சாப்பிட்டுவிட்டு அவள் படுத்தாள். பிள்ளை தூங்கட்டும் என்று அரங்கசாமி லேத்தைப் போடாமல் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அரை மணி நேரம் ஆயிற்று. உள்ளே அவள் புரண்டு புரண்டு படுக்கிற சத்தம் கேட்டது. பத்மாவதி ஷாஃப்ட் கூடையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, நீங்க ஓட்டுங்க. அந்தச் சத்தம் இல்லாம அவளுக்கு என்னைக்குத் தூக்கம் வந்துச்சு?"

அவர் எழுந்து போய் சுவிட்சைப் போட்டார். லேத் சுற்ற ஆரம்பித்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, பெண் தூங்கிவிட்டாள்.